தூரம் தெரியும் லென்ஸ்

நான் அடித்ததால்தான் எங்கள் மகன் வீட்டை விட்டுப் போனான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். அன்று, இனிமேல் கட்டட வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னவனை, வேலை நடந்த இடத்திலேயே எல்லோரும் பார்க்க அறைந்துவிட்டேன். மூன்று வருடமாக அவனிடமிருந்து தகவல் இல்லை. என் மனைவி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

பிறகு அவளுக்குக் கண்ணில் புரை முற்றியது. மைசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸில் கிட்டத்துப் பார்வை அல்லது தூரத்துப் பார்வை, ஒன்றுதான் தெளிவாக இருக்கும், மற்றதற்குக் கண்ணாடி போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இவள் வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவள். அதனால், "கிட்டத்துக்கே வைங்க மேடம்" என்றேன்.

"இருங்க சார், லென்ஸ் உங்க கண்ணுக்கா? அவங்க சொல்லட்டும்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

என் மனைவி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தூரமே வைங்கம்மா. எம் மகன் வந்தா வீட்டுக்குள்ள வரமாட்டான். இவருக்குப் பயந்து தெருமுனையிலயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுவான். அங்கயே நான் அவனை அடையாளம் கண்டுக்கணும்."

சரி என்று டாக்டரம்மாவிடம் தலையை ஆட்டினேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. முன்பெல்லாம் தெருமுனையில் யார் நின்றாலும் அவனோ என்று எழுந்து கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பாள். இப்போது வாசலில் நின்றபடியே அவன் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. உள்ளே வந்துவிடுகிறாள். பார்வை மங்கியிருந்த நாட்களில் தினமும் அவளுக்கு மகன் கொஞ்ச நேரமாவது வந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அதையும் பறித்தவன் நான்தான்.