பிணம் ஏற்றிய வண்டி

பர்மாவில் எனக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. மனைவியோடு அகதிக் கப்பலில் மெட்ராஸில் வந்து இறங்கினேன். அப்பா பிறந்த ஊர் காஞ்சிபுரம் பக்கத்து மாகறல் என்று தெரியுமே தவிர, அங்கே எங்களை அடையாளம் கண்டுகொள்ள ஒருவரும் மிச்சமில்லை. காஞ்சிபுரத்தில் வாடகை வீடு பிடித்து, ஏழு வருடம் பிறத்தியார் வண்டியை ஓட்டினேன். எழுபதுகளின் தொடக்கத்தில்தான் ஒரு பழைய லாரி என் பெயருக்கு வந்தது. முதலாளியும் நான், டிரைவரும் நான். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் கொஞ்ச நாள் என்னை நானே திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

திருப்புட்குழிப் பக்கத்து நெல்லை ஒரு மில்லுக்குக் கொண்டுவருவேன். மில் அரிசியை மெட்ராஸுக்கு ஏற்றிப்போவேன். அதுதான் பிழைப்பு.

லாரி வாங்கிய மூன்றாம் மாதம், எங்களோடு அதே கப்பலில் வந்தவர் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். பர்மாவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் என் வண்டிதான் போகும். யோசிக்கவே இல்லை. வைக்கோல் பரப்பி, உடலைக் கிடத்தி, பட்டப்பகலில் காஞ்சிபுரம் கடைவீதி வழியாகவே கொண்டுவந்தேன். பிறகு வண்டியைக் கழுவினேன். அது போதும் என்று நினைத்தேன், மடையன்.

மறுநாள் மில் வாசலில் மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார்.

"பொணம் ஏத்துன வண்டிபா. இதுல வந்த அரிசிய எவன் வாங்குவான்?"

"கழுவிட்டேன் மேஸ்திரி."

"கழுவினா போயிடுமா? மொதலாளி வேணாம்னுட்டாரு."

பூசணிக்காய் உடைத்தேன். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். குருக்களைக் கூட்டிவந்து பூஜை போட்டேன். ஊர் மசியவில்லை. பாலாற்று மணல் மட்டும் கிடைத்தது. மணலுக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது. ஆனால் மணல் பாரத்தில் பழைய வண்டி மாதத்துக்கு ஒரு தரம் படுத்துக்கொண்டது. இரண்டாவது முறையும் லாரியைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் மில் முதலாளியே என் வீட்டுக்கு வந்தார், காலில் செருப்பில்லாமல். அவருடைய ஒரே மகன் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான்.

"எந்த வண்டியும் வரமாட்டேங்குதுபா. நீதான் வரணும்."

முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அழுதார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"காரியம் முடியட்டும்பா. அப்பால நம்ம மூட்டை பூரா உன் வண்டிலதான்."

நம்பினேன். மனைவியிடமும் சொன்னேன். பதினாறு நாள் முடியக் காத்திருந்து, வண்டியைத் துடைத்து மாலை போட்டு மில்லுக்குக் கொண்டுபோனேன். முதலாளி மொட்டைத் தலையோடு வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள கொண்டாராதபா. என் புள்ள படுத்துக்கினு வந்த வண்டி. தெனம் இதப் பார்த்துக்கினு என்னால..."

மேஸ்திரிமேல் கோபப்பட்டதுபோல அவர்மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்.

அந்த மாதமே விற்றுவிட்டேன். வாங்க வந்த வேலூர்க்காரர் பின்பக்கம் ஏறி, பலகையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"இதுல இன்னாபா ஏத்திக்கினு இருந்தே?"

"மணல்" என்றேன்.