நகமளவு தவளை

செல்போன் விளையாட்டு ஒன்றுக்கு நான் வரைந்த முதல் முகப்புப் படத்தில் குளம், தாமரை, தும்பி, தவளை எல்லாம் இருந்தன. விற்பனைப் பக்கத்தில் நகமளவுக்குச் சுருங்கியதும் வெறும் பச்சைத் திட்டாகத் தெரிந்தது.

"நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் மேலாளர்.

அழாத குறையாக எல்லாவற்றையும் அழித்து, முழிக்கும் தவளை முகத்தை மட்டும் பெரிதாக வைத்தேன்.

விளையாட்டு வெளியான வாரம், கும்மிடிப்பூண்டி ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே, ஷிப்டுக்குப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி போனில் விளையாட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டென்று விரல் நின்றது.

"ஏய், இந்தத் தவளையப் பாரேன், இன்னாமா முழிச்சிக்கினு கீது!"

"அதையே போடுடீ" என்று மற்றவள் சிரித்தாள்.

நான் இறங்கவேண்டிய மீஞ்சூர் தாண்டியதுகூடத் தெரியவில்லை. முன்பின் அறியாத இருவரை அந்தத் துளிப் படம் சிரிக்க வைத்துவிட்டதே! அதை வரைந்தது என் கைதானா என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.