முட்டை விருந்தில் நான் பேசியது

என் மனைவியின் தம்பி நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் சேலத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நோய், கிருமி என்று எது வந்தாலும் மைத்துனர் என்னைத்தான் கேட்பார்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கோ தொலைவில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, தொலைக்காட்சி இரவும் பகலும் அதையே காட்டியது. எங்கள் பக்கம் ஒரு கோழிக்குக்கூட நோய் இல்லை. ஆனாலும் வாங்க ஆளில்லாமல் முட்டை அட்டை அட்டையாகத் தேங்கியது. மைத்துனர் பாதிப் பண்ணையை மூடினார். அன்றிலிருந்து செய்தியில் எந்தக் கிருமியைப் பற்றிச் சொன்னாலும் பொய் என்று முடிவு கட்டிக்கொண்டேன்; வீட்டில் செய்தி ஓடினால் அணைத்துவிடுவேன்.

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்திருந்த சமயம், கோழியால் நோய் பரவும் என்ற வதந்தி மறுபடியும் கிளம்பியது. பயத்தைப் போக்கப் பண்ணைக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முட்டை விருந்து வைத்தார்கள். படித்தவன் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வடக்கே கொரோனா மீண்டும் பெருகுவதாக அந்த வாரம்தான் செய்தி வந்துகொண்டிருந்தது.

"நம்ம முட்டை லாரியெல்லாம் அங்க போயிட்டுத்தான் வருதுங்க மச்சான். கூட்டம் வேண்டாமுங்களே" என்றார் மைத்துனர்.

"டி.வி.யப் பாத்து ஒரு தடவ பண்ணைய மூடுனது பத்தாதா மாப்ளே?" என்றேன்.

மேடையில் முட்டையை உரித்துத் தின்றுவிட்டு, "முட்டையில வைரஸ் இல்லீங்க, டி.வி.யிலதான் இருக்குது" என்றேன். மண்டபமே சிரித்தது. மைத்துனர் மட்டும் மாஸ்க்கோடு ஓரமாக நின்றார். கூப்பிட்டு, "இதப் போட்டுக்கிட்டு எப்படித் தின்பே?" என்று என் கையாலேயே அதைக் கீழே இழுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். சாதாரணச் சளி என்றேன். என் மனைவி என்னிடம் கேட்கவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். மைத்துனர் கட்டிலில் உட்கார்ந்து, "மெஷினெல்லாம் எதுக்குங்கக்கா, இப்பவே தீவன மூட்டை தூக்கட்டுமா?" என்று சிரித்தார். மெஷினில் எண் எண்பதுக்கும் கீழே இருந்தது.

"நல்லாப் பேசிக்கிட்டு இருக்கறவங்களுக்கே உள்ளுக்குள்ள ஆக்சிஜன் கொறையுமாம், டி.வி.ல சொன்னாங்க. வண்டியில ஏறு சாமி" என்றாள் என் மனைவி. நான் வீட்டில் இல்லாத நேரங்களில் அவள் செய்தி பார்த்து வந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. பெயர் தெரியாத ஒரு செவிலிப் பெண் மூச்சு எளிதாக வர அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அந்த விருந்துக்கு வந்த வேறு யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.

கோழியைப் பற்றிய பயம் வீண். கூட்டத்தைப் பற்றிய பயம் நியாயம். இரண்டையும் ஒரே டி.வி. பெட்டிதான் சொன்னது. பிரித்துப் பார்க்கும் படிப்பு எனக்கு இருந்தது, நான் மெனக்கெடவில்லை. வீடு திரும்பியவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"கோழி மேல பழி வரலீங்கல்ல மச்சான், அது போதும்" என்றார்.

சென்ற மாதம் வேறொரு புது வைரஸ் பற்றிச் செய்தி வந்தது. மைத்துனர் போன் செய்தார். எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "தெரியலைன்னு சொல்றதுக்கு இத்தன வருசமாச்சுங்களா?" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலானது. முழு மூச்சு அவருக்கு இன்னும் திரும்பவில்லை. போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். இருமல் அடங்கியதும், "இருக்கறேனுங்க மச்சான்" என்றார்.