கூட யார் வந்திருக்காங்க?

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் காந்தம் பாடம் நடத்தியவன் நான். என் தலைக்கே காந்தம் வைக்கப் போகிறார்கள் என்றதும் ஒரு வாரம் முருங்கைக்கீரையைத் தொடவில்லை. கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, இரத்தத்தில் இரும்பு ஏறினால் மெஷின் பிடித்து இழுத்துவிடும் என்று கணக்கு. எந்தப் பையனாவது பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பேன்.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மனச்சோர்வுக்கு அந்த மெஷினைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அறுவை கிடையாது, ஊசி கிடையாது. ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து டக்டக்கென்று காந்த அதிர்வு கொடுப்பார்கள், அவ்வளவுதான். எனக்குக் கொடுத்த மாத்திரை வாயை மட்டும் உலர்த்திவிட்டு மனதை அப்படியே விட்டுவைத்ததால், டாக்டர் என்னை அங்கே அனுப்பினார்.

மனச்சோர்வு என்று எனக்கே தெரியாது. ரிட்டையரான வருஷம் அது. மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போன மனைவி, பேரன் நடக்க ஆரம்பித்த பிறகும் அங்கேயே இருந்தாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை யார் பார்ப்பது? யார் மேலும் தப்பில்லை. திண்டிவனம் வீட்டில் நான் மட்டும். ஒருநாள் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சார், தண்ணி வழியுது!" என்று கத்தினார். அன்றைக்கு என்னைப் பார்த்து யாராவது பேசியது அது ஒன்றுதான். மறுநாள் வேண்டுமென்றே மறந்தேன். அதற்கு அடுத்த நாளும். நான்காம் நாள் அந்தம்மா யாரிடமோ, "சாருக்குப் புத்தி பெசகிக்கினு வருது, பாவம்" என்று சொன்னது காதில் விழுந்தது. அதன்பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

விழுப்புரத்தில் முதல் மூன்று நாள் ஃபாரமும் சோதனையும்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது மயிலம் பக்கத்துப் பெண் ஒருத்தி. என் மகள் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே, "கூட யார் சார் வந்திருக்காங்க?"

"மச்சான் வந்திருக்காரும்மா. வண்டி நிறுத்திக்கினு வர்றாரு."

எனக்கு மச்சானும் கிடையாது, வண்டியும் கிடையாது. பாதி வழி, கூட்டேரிப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வந்தவன் நான்.

அப்புறம் நீளமாக ஒரு கேள்விப் பட்டியல். "சமீபத்துல எதுலயாவது சந்தோஷம் தெரியுதா சார்?"

"தெரியுதும்மா. நீ கேள்வி கேக்கறியே, இதுல."

சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, "சார், நீங்க சிரிக்க வெச்சா எனக்கு சோர்வுக்கு கம்மியா மார்க் போடத் தோணும். கம்மியா போட்டா ஒங்கள எடுத்துக்க மாட்டாங்க" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக மார்க்குக்குப் பயந்து ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது கேள்வியிலேயே மோட்டார் கதையைச் சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே போனாள். நல்ல பெண்.

"சில பேருக்கு நெஜக் காந்தம், சில பேருக்கு வெறும் சத்தம் மட்டும்தான் சார். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. சம்மதமா?"

"நானும் பாதி நாள் வகுப்புல வெறும் சத்தம்தாம்மா. எல்லாரும் பாஸ் பண்ணாங்க."

இரண்டாம் நாள் மச்சான் டீ குடிக்கப் போயிருந்தார். மூன்றாம் நாள் பாத்ரூம் போயிருந்தார். அன்றைக்குச் சுருளைத் தலையில் அங்கே இங்கே நகர்த்தி ஓரிடத்தில் தட்டினார்கள், என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் துள்ளியது. அளவு பார்க்கிறார்களாம். என் பேச்சைக் கேட்டு எந்த மாணவனும் இத்தனை ஜல்தியாக எழுந்ததில்லை.

விரலைக் குறித்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "மூணு நாளா ஒங்க மச்சான் பாத்ரூமும் டீக்கடையுமாவே இருக்காரே, அவரையும் டாக்டர்கிட்ட காட்டிடலாமா சார்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழமை நெஜமா ஆரம்பிக்கிறோம். வலிப்பு கிலிப்பு வந்தா பாக்கறதுக்குக் கூட ஒரு ஆள் ஒக்காந்திருக்கணும், ஃபாரத்துல கையெழுத்தும் போடணும். இல்லன்னா பேரை எடுத்துடுவாங்க. வீட்ல யாரும் இல்லீங்களா?"

"இருக்காங்கம்மா" என்றேன். அதற்குமேல் ஒரு ஜோக்கும் வரவில்லை.

தினமும் சாயங்காலம் மனைவிக்குப் போன் போடுவேன். ஒரு ஜோக் சொல்வேன், அவள் சிரிப்பாள், "சரி, வெக்கட்டா?" என்பாள். டாக்டர், மாத்திரை எதையும் அவளிடம் மூச்சு விட்டதில்லை. அன்றைக்கு மத்தியானமே, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கும் மல்லாட்டைக்காரரின் கூடைக்குப் பக்கத்தில் நின்று போட்டேன்.

"என்னா இந்நேரத்துல?"

"எனக்குத் தலையில காந்தம் வெக்கப் போறாங்க."

"தலையில இருக்கறது களிமண்ணாச்சே, அதுல எங்கேர்ந்து ஒட்டும்?" அவளே சொல்லி அவளே சிரித்தாள். பின்னால் பேரன் தட்டு எதையோ போட்டு அடித்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் நான் பதிலுக்கு ஒன்று விடவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். நாக்கு நுனியில் நல்லதாக ஒன்று இருந்தது. விழுங்கினேன்.

"வெளையாட்டு இல்ல. ஆறு மாசமா மாத்திர சாப்புட்டுக்கினு இருக்கேன். மனசு சரியில்ல. திங்கக்கெழமை கூட ஒரு ஆள் வந்து கையெழுத்து போடணுமாம். எனக்கு யாரும் இல்ல."

பெண்டாட்டியிடமே போய் யாரும் இல்லை என்று சொல்கிறவனை என்ன செய்வது? சொன்னது சொன்னதுதான். கண்டக்டர் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவிக்கொண்டிருந்தார். பேரன் தட்டை அடிப்பது நின்றிருந்தது, யாரோ பிடுங்கியிருக்கவேண்டும். என் பஸ் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

"கையெழுத்து தமிழ்ல போட்டா போதுமா?" என்றாள்.