யார் மடியில்?

புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளை எப்போது தனியாகக் குடும்பங்களைப் பார்க்க அனுப்பலாம் என்று முடிவு செய்வது எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில் என் பொறுப்பு. சமூகப் பணியில் பட்டம், பயிற்சி எல்லாம் முடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஒரு தாய் கத்தினால் புதிதாக வந்தவள் முகம் என்ன ஆகிறது, குழந்தை அழுதால் அவள் கை எங்கே போகிறது, அதைத்தான் நான் பார்ப்பேன். அப்படி வந்த ஒரு பெண்ணுக்குச் சீக்கிரமே சரி என்று சொல்லிவிட்டோம். நம்ம பொண்ணு, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். ஒரு தமிழ்க் குடும்பம் ஆளில்லாமல் காத்திருந்தது. வேறென்ன வேண்டும்?

அந்தத் தாய் ஊரின் மேற்குக் கோடியில், பூன் லேயில் ஓரறை வாடகை வீட்டில் இருந்தாள். போதைப் பழக்கத்தால் மகளை வளர்க்கும் உரிமையை இழந்தவள். சிகிச்சை முடித்து, உணவங்காடியில் மேசை துடைக்கிற வேலையில் ஒழுங்காக நின்றிருந்தாள். மூன்று வயது மகள் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸில் ஒரு வளர்ப்புத்தாயிடம் வளர்ந்தாள். சனிக்கிழமைதோறும் எங்கள் அலுவலகத்தில், பொம்மைகள் இறைந்து கிடக்கும் அறையில், தாயும் மகளும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். இப்படியே தவறாமல் வந்துகொண்டிருந்தால் பிள்ளை வீடு திரும்பலாம் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

தீபாவளி நெருங்கியது. வளர்ப்புத்தாயும் தமிழச்சிதான். "மிஸ், பொண்ணு வெறுங்காதோட நிக்கிறா, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. தேக்கா நகைக்கடையில குத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். இந்தப் பெண்ணும், "ஓகே லா ஆண்டி, நானும் கூட வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

சீனப் பெண் யாராவது இருந்திருந்தால், பிள்ளையின் உடம்பில் ஊசி படுகிறது, பெற்றவளைக் கேட்காமல் கூடாது என்று உடனே நிறுத்தியிருப்பாள். இவளுக்கு அது ஊசியாகவே தெரியவில்லை. தமிழ்ப் பிள்ளைக்குக் காது குத்துவதைப் போய் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களா? நம்ம பொண்ணு என்று நாங்கள் கொண்டாடியது இங்கேதான் வந்து முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை நானும் அறையில் இருந்தேன். குழந்தை ஓடி வந்து தாயின் முன்னால் தலையை ஆட்டிக் காட்டியது. "ஆண்டி, பாரு, தோடு!" பெற்றவளையும் ஆண்டி என்றுதான் கூப்பிடும். அவளும் அதை ஒரு நாளும் திருத்தியதில்லை.

"யாரு குத்துனது?"

"தேக்காவுல குத்தினோம்க்கா. அழகா இருக்கா இல்ல?" பாவி மகள், சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"யார் மடியில உக்காந்தா?"

அப்போதுதான் இந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "என் மடியிலதான்க்கா."

தாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. "எனக்கு ஒரே தம்பி மிஸ். எல்லை தாண்டி ஜொகூர்ல இருக்கான். இவ வீட்டுக்கு வந்ததும் அவன் மடியில வெச்சுக் குத்தணும்னு இருந்தேன். முதல் முடி எடுத்தது, ஸ்கூல்ல போட்டது, எதுவும் நான் பாக்கல. இது ஒன்னத்தான் மிச்சம் வெச்சிருந்தேன்."

கைப்பையைத் துழாவி, நகைக்கடை ரோஸ் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து விளையாட்டு மேசைமேல் வைத்தாள். சிவப்புக் கல் தோடு. ஒரு பச்சரிசி அளவுகூட இருக்காது அந்தக் கல்.

"அழுதாளா?"

"கொஞ்ச நேரம்க்கா."

"யாரைக் கூப்பிட்டு அழுதா?"

இந்தப் பெண் குனிந்து தரையில் கிடந்த பொம்மைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். தாய் மகளின் தலையைத் தடவிவிட்டு, பொட்டலத்தை எடுக்காமலே, நேரம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

நான் இவள்மேல் எரிந்து விழுந்தேன். "உனக்குக் குத்துனப்ப யார் மடியில உக்கார வெச்சாங்க?"

"மாமா மடியிலக்கா."

"அப்ப தெரியும்தானே? மறந்து போச்சா?"

"மறக்கலக்கா." தேம்பித் தேம்பி அழுதாள். "அந்தப் பிள்ளைக்கு மாமான்னு ஒருத்தர் இருப்பார்னு எனக்குத் தோணவே இல்ல."

அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. எங்களில் யாருக்குத்தான் தோன்றியது? அந்தத் தாய் எத்தனை மாதம் சுத்தமாக இருக்கிறாள், வேலைக்கு ஒழுங்காகப் போகிறாளா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்ட எங்களுக்கு, உனக்குக் கூடப்பிறந்தவன் உண்டா, பிள்ளைக்கு என்ன செய்து பார்க்க ஆசை என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தாய் வரவில்லை. இந்தப் பெண் திரும்பத் திரும்பப் பூன் லேக்கு நடையாய் நடந்தாள். கதவு திறக்காது. கடைசியில் ஒருநாள் திறந்தது. இவள் வாசலிலேயே நின்று அழுதிருக்கிறாள். "நீங்க அழாதீங்க மிஸ். வரேன், இந்தச் சனிக்கிழமை கண்டிப்பா வரேன்" என்று அந்தத் தாய்தான் இவளைத் தேற்றி அனுப்பியிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமைக்காக வளர்ப்புத்தாய் பழைய தோட்டைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் கல் தோட்டைப் போட்டு அனுப்பியிருந்தாள். காது ஆறியிருந்தது. புதுக் கவுன், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, தோடு நன்றாகத் தெரியவேண்டும் என்று. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் பிள்ளை எழுந்து நின்று தலையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டது. வந்தவர்கள் யார் யாரோ.

அந்தத் தாய் மறுபடியும் போதை வழக்கில் பிடிபட்டு உள்ளே போய்விட்ட செய்தி எங்களுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. இந்தக் காதுதான் காரணமா, எப்படியும் அது நடந்திருக்குமா, எனக்குத் தெரியாது. யாரும் அறிந்து சொல்லவும் முடியாது. நெஞ்சு மட்டும் ஆறவில்லை. பிள்ளை இன்னும் பாசிர் ரிஸில்தான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னோம். பிள்ளை நகரவில்லை. இந்தப் பெண்ணிடம் வந்து, உட்காரு என்று கையைப் பிடித்து இழுத்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டது.

"அந்த ஆண்டிக்கு என் தோடு புடிக்கலயா?"