உப்புத்தாளில் தப்பிய பெயர்

நான் தங்கச்சிமடத்துக்காரி. பழைய வெள்ளிக் காசு என்றால் எனக்குப் பைத்தியம். போன வருஷம் பாம்பனில் பழைய படகு உடைப்பவரிடம் ஒரு வெள்ளி ரூபாய் வாங்கினேன். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஒரே கீறல். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"கைய எடுடி!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். "படகு கட்டுறப்ப ராசிக்குன்னு அடிமரத்துல வச்ச காசு. அது கீறல் இல்ல, பேரு."

வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்து போய், 'தியாகு' மட்டும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விசாரித்ததில், அந்தப் படகைக் கட்டியவரின் மகன் பாம்பனிலேயே இருந்தார். புதுப் படகு கட்டிக்கொண்டிருந்தார். காசைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உற்றுப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"எங்கய்யா பேரு சந்தியாகு. விடு தங்கச்சி, ஊரே அவர 'தியாகு'ன்னுதான் கூப்பிட்டுச்சு."

காசு மறுபடி, புதுப் படகின் அடிமரத்துக்குள் போனது.

இப்போதெல்லாம் எந்தக் காசு வந்தாலும் முதலில் பூதக்கண்ணாடிதான். உப்புத்தாளை இவர் எங்கோ ஒளித்துவிட்டார். ஆல்பத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கேட்பவர்களிடம், "கடலுக்குப் போயிருக்கு" என்கிறேன்.