வெட்டில்லாத ரங்கன்

குருநகரில் செபநாயகத்தின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ரங்கன் வீடு என்றால் போதும், படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். ஆள் கடற்றொழிலை விட்டுப் பத்து வருடமாகிறது. அந்தப் பட்டம் மட்டும் அவரை விட்டபாடில்லை.

எல்லாம் ஒரு சண்டியர் படத்தால் வந்த வினை. எண்பத்துநாலில் யாழ்ப்பாணத் தியேட்டர் ஒன்றில் ஓடியது. படத்தில் ரங்கன் என்பவன் சண்டியர் தலைவனின் வலக்கை. அவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. செபநாயகத்துக்கும் அதே இடத்தில் தூண்டில் கிழித்த தழும்பு. பொலிஸ் ரங்கனைப் பிடித்துக்கொண்டு போகும். அடுத்த காட்சியில் தலைவன் சுடுபட்டுக் கிடப்பான். காட்டிக்கொடுத்தவன் ரங்கன்தான் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. மறுநாள் கரையில் வலை இழுக்கும்போது கூட்டாளி அருட்பிரகாசம், "டேய் ரங்கன்!" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

பகிடிதான். ஆனால் காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனைப் பகிடி பண்ணுகிற காலமா அது? அந்தப் பேர் வந்தாலே உயிர் போகிற யுத்தகாலம். அவர் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால், "ரங்கன் வாறான், கதையை நிப்பாட்டுங்கோ" என்பார்கள். சிரிப்பார்கள். ஆனால் கதையை உண்மையாகவே நிறுத்திவிடுவார்கள். அதுதான் அவருக்குச் சுட்டது. அந்தப் பெயருக்கு அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

போன மாதம் அதே படத்தைப் புதுப்பித்து, வெட்டில்லாமல் பட்டணத்தில் போட்டார்கள். அருட்பிரகாசம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாவன் மச்சான், பாத்திட்டு வருவம்."

"நான் பட்டது காணும். நீ போ."

சொன்னாரே தவிர, பத்தரைக் காட்சிக்கு அவரும் போனார். பொலிஸ் ரங்கனைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இருவரும் பார்த்திராத காட்சிகள் வந்தன. ரங்கனைத் தலைகீழாகக் கட்டி அடித்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை. அந்த அறையிலேயே செத்துப் போனான். காட்டிக்கொடுத்தவன் தலைவனின் சொந்த மைத்துனன்.

"அண்டைக்கு ஊரடங்குக்கு முன்னம் முடிக்கவெண்டு ஒரு ரீலை விட்டிட்டாங்களடா," என்று அருட்பிரகாசம் இருட்டில் முணுமுணுத்தார். செபநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. அருட்பிரகாசம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, "செபநாயகம், தேத்தண்ணி குடிப்பமே?" என்று கேட்டார்.

"ரங்கன் எண்டு கூப்பிடடா," என்றார் செபநாயகம்.